கடை திறக்காத நாள்: ஜெர்மனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் கழிப்பது எப்படி

நான் ஸ்டுட்கார்ட் நகரில் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. அலுவலகம் இரண்டு வருடத்துக்கு அனுப்பிவைத்திருந்தது. வாடகை வீட்டில் கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் இருந்தன. குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. காலையில் நிதானமாகக் கடைக்குப் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். ஒரு கடைக்கதவு திறக்கவில்லை. முழுக் கடையடைப்பு நாளில் நம் ஊர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. போலீஸ் வண்டி மட்டும்தான் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கும் குழாய்த் தண்ணீருமாக அன்றைய பொழுது போனது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதுகூடப் பயந்து பயந்து குடித்த பிறகுதான் தெரிந்தது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும் என்பதைத் திங்கட்கிழமை காலை ஒரு சக ஊழியர் சொன்னார்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஒன்றிரண்டு வருடம் ஜெர்மனியில் தங்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை துணி, மளிகை என்று ஓடிவிடும். நமக்கென்று மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். அதைச் சனிக்கிழமையே செய்துவைக்க வேண்டும் என்பதுதான் நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது.

முதலில் இந்த மூடிய கதவுகளின் காரணம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இங்கே வெறும் பழக்கம் அன்று, அரசமைப்பிலேயே எழுதிவைத்த விஷயம். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் உழைப்பிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாட்களாகச் சட்டத்தால் காக்கப்படும் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு சொன்னது. அந்த வரியை 1949இல் வந்த இன்றைய அரசமைப்பான அடிப்படைச் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் போட்ட சட்டத்தை 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பெட்ரோல் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை, முறை வைத்துத் திறக்கும் மருந்துக்கடை, உணவகங்கள் இவைதான் விலக்கு. ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளும் ஞாயிறு இரவு 10 மணி வரை சாலையில் ஓடக்கூடாது. தெரு ஏன் இப்படி ஊமையாகிக் கிடக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சனிக்கிழமை, மாலை 5 மணிக்குள்

மளிகையை முடியுங்கள். நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் இருந்த பாடன்-வுர்ட்டெம்பெர்க்கில் சனி இரவு 10 மணிக்குக்கூடப் பெரிய கடை திறந்திருக்கும். பக்கத்துப் பவேரியாவில் 8 மணிக்குக் கதவை இழுத்துவிடுவார்கள். திறந்திருக்கிறதே என்று கடைசி நேரத்தில் போனால் கீரையும் கொத்தமல்லியும் தீர்ந்திருக்கும், வரிசை வாசல் வரை நிற்கும்.

துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசிக்கு இலங்கைத் தமிழர் நடத்தும் கடையைத் தேடுங்கள். பெரிய ஊர்களில் ஒன்றாவது இருக்கும். உளுந்தை அங்கே உழுந்து என்பார்கள், மாவை மா என்பார்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்கும் அது வந்துவிடும். கறிவேப்பிலையும் அங்கேதான் வாங்க வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பையில் ஒரு கொத்து போட்டுக்கொண்டு வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் பச்சைச் செடி, இலை, காய் கொண்டுவர முடியாது. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. தேங்காய்க்கு விலக்குக் கொடுத்தவர் கறிவேப்பிலையை மறந்துவிட்டாரே என்று எனக்கு இன்னும் வருத்தம். பால் பொருட்களுக்கும் தடை உண்டு. பால்கோவா விமான நிலையக் குப்பையில் விழுந்தால் மனம் ஆறவே ஆறாது.

இட்லி வேண்டுமென்றால் சனிக்கிழமை மதியமே ஊறப்போட்டு மாலையில் அரைத்துவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி இங்கே தாராளமாக ஓடும். மின்சாரம் இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் பொருந்தாது. எர்த் இணைப்பு உள்ள அடாப்டரைத் தேடி வாங்குங்கள். விமான நிலையத்தில் விற்கும் மெலிந்த அடாப்டர் போன் சார்ஜருக்குத்தான் லாயக்கு. மிக்ஸியை ஞாயிற்றுக்கிழமை தொடவே வேண்டாம். உளுந்து அரைபடும் சத்தம் மேல்வீட்டுக்கு எப்படிக் கேட்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மாவு பொங்குவதுதான் குளிர்நாட்டில் பெரிய பாடு. வீட்டுக்குள் 20 டிகிரி என்றால் மாவு அசையாமல் கிடக்கும். நான் கண்ட வழி ஓவன். சூடு போடக்கூடாது, உள்விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அந்தச் சின்ன பல்பின் வெதுவெதுப்பு போதும். கீழே ஒரு தட்டு வையுங்கள், பொங்கி வழிந்தால் கழுவுவது உங்கள் கைதான். இன்னொன்று: ஓவன் திருகில் ‘மாவு இருக்கிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஒருமுறை ஞாயிறு காலை தூக்கக் கலக்கத்தில் ரொட்டி சுடலாம் என்று ஓவனை 200இல் திருகினேன். பிளாஸ்டிக் மூடி உருகி, மாவின் மேல் நீல நிற ஆடையாகப் படிந்திருந்தது.

ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஒரு நாள் உங்கள் கதவின் கைப்பிடியில் ‘கேர்வோஹெ’ என்று எழுதிய சிறு அட்டை தொங்கும். யாரோ விளம்பரம் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்கும் முறை உங்களுடையது என்று அர்த்தம். ஷ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம் இது. வாடகை ஒப்பந்தத்தில் எங்காவது ஒரு வரியாக இருக்கும். வார இறுதிக்குள் முடித்து, அட்டையை அடுத்த வீட்டுக் கதவுக்கு மாற்றிவிட வேண்டும். படி ஏற்கெனவே பளபளவென்று இருந்தாலும் துடைக்கத்தான் வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை.

கண்ணாடி பாட்டில்களையும் சனிக்கிழமையே தெருவோரத் தொட்டியில் போட்டுவிடுங்கள். தொட்டியின் மேலேயே நேரம் எழுதியிருக்கும், ஞாயிறு கிடையாது. நான் மூன்று ஊறுகாய் பாட்டிலோடு ஒரு ஞாயிறு போய், முதல் பாட்டில் ‘சலார்’ என்று விழுந்ததும் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. விரல் மட்டும் அறிவிப்பை நோக்கி நீண்டது. மீதி இரண்டு பாட்டிலோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

காலை: முதல் வேலை ஜன்னல்

இங்கே ஜன்னல் கைப்பிடிக்கு மூன்று நிலை. கீழ்நோக்கி இருந்தால் மூடியது. கிடையாக இருந்தால் கதவுபோல் முழுவதும் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேற்பகுதி மட்டும் உள்பக்கம் சாய்ந்து ஒரு கீற்று திறக்கும். புதிதாக வந்தவர்கள் மூன்றாவது நிலையில் நாள் முழுக்க விட்டுவைப்பார்கள். குளிர்காலத்தில் இதைப் போல நஷ்டம் வேறில்லை. சுவர் குளிர்ந்துபோகும், காற்றும் மாறாது, வெப்பக் கட்டணம் ஏறும்.

சரியான முறைக்கு ‘ஷ்டோஸ்லுஃப்டன்’ என்று பெயர். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுவதும் திறந்து, ஐந்திலிருந்து பத்து நிமிடம் விட்டு மூட வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் இன்னும் வேகம். காலையில் ஒருமுறை, குளித்த பிறகு, சமைத்த பிறகு. இதை ஏதோ நாட்டு வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் எழுத்தில் இருக்கிறது. காரணம் எளிது. நம் மூச்சு, குளியல், குக்கர் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி எல்லாமாகச் சேர்ந்து காற்றை ஈரமாக்கும். அந்த ஈரம் குளிர்ந்த சுவர்மூலையில் போய்ப் படிந்து கறுப்புப் பூஞ்சையாகும். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைக்க அதுவே காரணமாகிவிடும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் வீடு மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஹீட்டர் திருகில் உள்ள 1 முதல் 5 வரையான எண்கள் மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி வேகத்தைக் குறிப்பவை அல்ல. அறை எவ்வளவு வெப்பத்தில் நிற்க வேண்டும் என்று சொல்பவை. 3 என்பது சுமார் 20 டிகிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி கூடும். வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து 5இல் திருகினால் அறை சீக்கிரம் சூடாகாது; மறந்துபோனால் அடுப்பாகிவிடும், அவ்வளவுதான். 3இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தக் கணக்கு

இரவு 10 முதல் காலை 6 வரை எல்லா நாளும் அமைதி நேரம். ஞாயிறு முழுநாளும் அப்படி. சில கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரை தனியாக ஒரு அமைதி நேரம் உண்டு. மாடிப்படி அருகே கண்ணாடிச் சட்டத்துக்குள் ‘ஹவுஸ்ஓர்ட்னுங்’ என்ற தலைப்போடு தொங்கும் காகிதத்தைப் போனில் படமெடுத்து மொழிபெயர்த்து ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் கட்டடத்தின் சட்டம் அதுதான்.

சுவரில் ஆணி அடிப்பது, துளைபோடுவது, மரச்சாமான் இழுப்பது கூடவே கூடாது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு 2002இலிருந்து நாடு முழுவதற்கும் ஞாயிறு தடை இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். கட்டட விதியில் தடை இருந்தால் போடாதீர்கள், இல்லையென்றாலும் துணி பிழியும் சுற்றை மதியத்துக்குமேல் வைத்துக்கொள்வது மரியாதை. வாக்குவம் கிளீனரை நான் சனிக்கிழமையோடு ஓரங்கட்டிவிடுவேன். பாட்டு கேட்கலாம், பேசலாம், சிரிக்கலாம். அந்த அறைக்குள் நிற்க வேண்டும், அவ்வளவே. குழந்தை அழுதால் யாரும் குறைசொல்ல முடியாது. பச்சைக் குழந்தையோடு வருகிறவர்கள் இதற்காக வெலவெலத்துப்போக வேண்டாம்.

நமக்கென்றே உரிய சத்தங்கள் சில இருக்கின்றன. ஒன்று இடிகல். இஞ்சியும் பூண்டும் சமையல் மேடையில் தட்டினால் கீழ்வீட்டுக் கூரையில் இடிக்கும். நான்காக மடித்த துண்டை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று வெறுங்காலோடு குதிகால் அழுத்தி நடப்பது. மரத்தரையில் அது கீழே தொம்தொம் என்று கேட்கும். அடிப்பாகம் மெத்தென்ற வீட்டுச் செருப்பு ஒன்று வாங்குங்கள். குக்கர் விசில் ஐந்தாறு வந்தால் தப்பில்லை, ஆனால் காலை 7 மணிக்கு வேண்டாம்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் நடுவே 9 மணிக்குமேல் தேவாலய மணி அடிக்கத் தொடங்கும். கால்மணி நேரம், ஊரே அதிரும். அதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் கோயில் மணியும் ஒலிபெருக்கியும் கேட்டு வளர்ந்த காது அது.

தாளிப்பதற்கு முன்

படுக்கையறையிலும் வழிநடையிலும் கூரையில் வெள்ளை வட்டமாக ஒன்று ஒட்டியிருக்கும். புகை எச்சரிக்கைக் கருவி. எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். வெடிக்கும் கடுகுக்கும் எரியும் வீட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. காய்ந்த மிளகாய் கருகினால் அலறும். அலறினால் ஞாயிறு அமைதி கட்டடம் முழுவதற்கும் போய்விடும். கருவியைக் கழற்றுவதோ பேட்டரியை எடுப்பதோ தவறு. ஆபத்தும்கூட.

வரிசையைச் சொல்கிறேன். வெளிக்குளிருக்குப் போடும் கோட்டை முதலில் படுக்கையறை அலமாரிக்குள் வைத்து மூடுங்கள்; இல்லையென்றால் திங்கட்கிழமை ரயிலில் உங்கள் கோட்டு சாம்பார் மணக்கும். படுக்கையறைக் கதவையும் சமையலறைக் கதவையும் சாத்துங்கள். சமையலறை ஜன்னலைக் கிடைநிலையில் முழுவதும் திறங்கள். அடுப்புக்கு மேலுள்ள விசிறியை நம்ப வேண்டாம். பல வீடுகளில் அது காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிற வகை. பிறகு எண்ணெயைக் காயவையுங்கள். கண்ணாடித்தட்டு மின்னடுப்பு காய நேரமெடுக்கும், அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாக இருக்கும். கேஸ் அடுப்பின் கைப்பழக்கத்தில் கடுகு வெடித்ததும் அணைத்துவிட்டு நின்றால் உளுத்தம்பருப்பு கண்முன்னே கருகும். அணைத்த கையோடு சட்டியை நகர்த்திவிட வேண்டும். அடி தட்டையாக இல்லாத பாத்திரம் இதில் சூடேறாது. தூண்டல் அடுப்பாக இருந்தால் அலுமினியக் குக்கர் வேலைசெய்யாது; பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாவி, சாவி, சாவி

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள்.

இங்குள்ள வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது. அசையாத குமிழ்தான். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. இரண்டாவது மாதம், ஒரு ஞாயிறு காலை, குப்பைப் பையோடு கீழே போனேன். கையில் பை, காலில் ரப்பர் செருப்பு, உடம்பில் பழைய டி-சர்ட். ஜன்னல் திறந்திருந்ததால் காற்று இழுத்து, முதுகுக்குப் பின்னால் ‘க்ளிக்’ என்றது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. உள்ளே போன், பர்ஸ், சாவி, அடுப்பில் பால். பால் அடுப்பைப் பற்றவைக்காமல் போயிருந்தேன் என்பது என் முன்னோர் செய்த புண்ணியம்.

கீழ்வீட்டு அம்மையாருக்கு எழுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். அதுவரை படியில் பார்த்தால் வணக்கம் சொல்வதோடு சரி. மணியடித்தேன். என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கம்பளிக்காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அவரே பூட்டுத் திறப்பவருக்குப் போன் செய்தார். பேசும்போது இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார்: கதவு சாத்திக்கொண்டிருக்கிறது, பூட்டப்படவில்லை, மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று இப்போதே சொல்லுங்கள். வந்தவர் ஒரு தகடு போன்றதைக் கதவிடுக்கில் நுழைத்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் கட்டணத்தோடு வாங்கியது என் ஒரு மாத மளிகைச் செலவு. தொகையை முன்கூட்டிக் கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

அன்றிலிருந்து கதவின் உள்பக்கம், கண்மட்டத்தில், ஒரு கொக்கி. சாவி அதில்தான். கதவைத் தொடும் கை முதலில் கொக்கியைத் தொட வேண்டும். மாற்றுச் சாவி கீழ்வீட்டு அம்மையாரிடம் இருக்கிறது. நம்பிக்கையான அண்டை வீட்டுக்காரர் கிடைத்ததும் நீங்களும் இதைச் செய்யுங்கள். பதிலுக்கு நான் கொண்டுபோனது ஒரு கிண்ணம் ரவா கேசரி. ஏலக்காயை எடுத்து ஓரம் வைத்துவிட்டு முழுவதும் சாப்பிட்டுவிட்டார்.

ஊருக்குப் பேசுவது

குளிர்காலத்தில் இந்திய, இலங்கை நேரம் இங்கிருந்து நாலரை மணி முன்னால் இருக்கும்; கோடையில் மூன்றரை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அன்று மட்டும் வீட்டில் ‘ஏன் இன்னும் கூப்பிடவில்லை’ என்று ஒரு விசாரணை நடக்கும். முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

என் அனுபவத்தில் மதியம் 12 மணிக்குப் பேசுவது நல்லது. அங்கே நாலரை, காப்பி நேரம், அம்மா உட்கார்ந்திருப்பார். மாலை 5 மணிவரை தள்ளினால் அங்கே தூக்கம் வந்துவிடும், பேச்சு ‘சாப்பிட்டாயா’வோடு நின்றுவிடும். நாள் முழுக்க வீடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கே நடப்பதை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். முதல் மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். உடம்பு ஒரு நாட்டில், காது ஒரு நாட்டில் என்று ஆகிவிடும். ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசிவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

ஒரு மணி நேரம் காகிதம்

ஜெர்மனி இன்னும் தபாலில் வாழும் நாடு. வாரம் முழுக்கச் சேர்ந்த கடிதங்களை ஞாயிறு மதியம் உட்கார்ந்து பிரியுங்கள். போன் கேமராவில் மொழிபெயர்த்து, தேதி எங்கே இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். கெடு இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். இரட்டை வளையக் கோப்பு ஒன்றும் துளையிடும் கருவியும் வாங்கிவிட்டால் பாதி ஜெர்மானியர் ஆனதுபோல.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு வரும் கடிதத்தை மோசடி என்று கிழித்துப்போட்டவர்கள் உண்டு. வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ. ஒரு வீட்டில் நால்வர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். கடிதமே வரவில்லை என்றால் தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் தனி எண் கிடையாது, பெயரை வைத்துத்தான் போடுவார்கள்.

மருந்துப் பெட்டி

காய்ச்சல் மாத்திரை இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. மருந்துக்கடையில் மட்டும்தான், அதுவும் சிறு பெட்டியாக. ஒன்றை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். ஞாயிறு தேவைப்பட்டால், எந்த மருந்துக்கடை முறை என்பதை மூடிய எந்த மருந்துக்கடையின் கதவிலும் ஒட்டியிருப்பார்கள். சிறு கூடுதல் கட்டணம் 2.50 யூரோ. உயிர்போகிற அவசரம் இல்லை, ஆனால் மருத்துவர் வேண்டும் என்றால் 116117. அவசரம் என்றால் 112. இரண்டையும் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

நாலரை மணி

டிசம்பரில் எட்டு மணிக்குமேல்தான் விடியும், மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமையின் கடினமான நேரம் இதுதான். சமையல் முடிந்தது, ஊருக்குப் பேசியாயிற்று, கடிதம் அடுக்கியாயிற்று. வெளியே ஒரு சத்தம் இல்லை. வீடு திடீரென்று பெரிதாகிவிடும்.

இருட்டுவதற்கு முன்பே, மூன்று மணிக்கு, ஒரு நடை போய்வாருங்கள். ஊரே அந்த நேரத்தில் நடக்கும். மழை தூறினாலும் நடப்பார்கள். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த ஊர். சுற்றிலும் மேடு, திராட்சைத் தோட்டம், இடையிடையே நூற்றுக்கணக்கான கல்படிக்கட்டுகள். ஒரு படிக்கட்டு ஏறி இறங்கினாலே பழனி ஏறியதில் பாதி ஆகும். திரும்பும்போது ரொட்டிக்கடையோடு இணைந்த காப்பிக்கடை திறந்திருந்தால் ஒரு கேக் துண்டு வாங்கிவரலாம். ஞாயிறு மூன்றரைக்குக் காப்பியும் கேக்கும் என்பது இங்கே பலகாரம், காப்பி மாதிரி நடக்கும் காரியம்.

வீட்டுக்குள் வந்ததும் கூரை விளக்கைப் போடாதீர்கள். அது அலுவலக வெளிச்சம். மேசை விளக்கு ஒன்று வாங்கி ஜன்னலோரம் வையுங்கள். நான் அதை வாங்க எட்டு மாதம் ஆயிற்று. ‘இரண்டு வருடம்தானே, எதற்கு’ என்று சொல்லிச் சொல்லியே திரைச்சீலை வாங்கவில்லை, நல்ல தோசைக்கல் வாங்கவில்லை, சூட்கேஸைக்கூட முழுவதும் காலிசெய்யவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, ‘நாளைக்கு ஊருக்கா?’ என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மறு சனிக்கிழமை பழைய பொருட்கள் சந்தையில் ஐந்து யூரோவுக்கு அந்த விளக்கை வாங்கினேன். திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம். அந்தந்த ஊரில் இதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

தொடர் விடுமுறைகள்

ஒரு ஞாயிறைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஈஸ்டரில் விழுவார்கள். புனித வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மூடல். அந்த ஒரு சனிக்கிழமை கடைக்குள் காலெடுத்துவைக்க இடம் இருக்காது, வியாழக்கிழமையே முடித்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் அதைவிடக் கடினம். டிசம்பர் 24 மதியத்தோடு கடைகள் மூடிவிடும், 25ம் 26ம் விடுமுறை. 2026இல் அவை வெள்ளியும் சனியுமாக வருகின்றன, 27 ஞாயிறு. ஆக முழுதாக மூன்று நாள், சொச்சம் அரை நாள். நண்பர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கட்டடமே காலியாகும். அந்த வாரத்துக்கு நான் போடும் பட்டியல்: பால் நான்கு லிட்டர், தயிர் ஒரு வாளி, உருளைக்கிழங்கு இரண்டு கிலோ, வெங்காயம் அதே அளவு, முட்டைக்கோஸ் ஒன்று, எலுமிச்சை ஐந்து. 23ஆம் தேதி இரவு மாவு அரைத்து ஓவனில் வைத்துவிடுவேன். மறுநாள் பொங்கியதும் பாதியைக் கீழ்வீட்டுக்குத் தோசையாகக் கொண்டுபோவது இப்போது வழக்கமாகிவிட்டது. மீதி மாவைக் குளிர்பெட்டிக்கு மாற்றியதும் ஓவன் விளக்கை அணைக்க மறந்துவிடாதீர்கள். நான் இரண்டு தடவை மறந்து நான்கு நாள் எரியவிட்டிருக்கிறேன்.